பபூன் வந்த பாதை

மதுரைப் பக்கத்துக் கிராமங்களில் கோயில் திருவிழா என்றால் இரவு ஸ்பெஷல் நாடகம் உண்டு. சுவரொட்டியில் 'வள்ளி திருமணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். ஆனால் பத்து மணி வாக்கில் ஆர்மோனியம் முழங்கி ஆட்டம் சூடு பிடிக்கும்போது மேடைக்கு வருவது முருகனும் இல்லை, வள்ளியும் இல்லை. பபூன்! அவர் தனியாக நின்று கூட்டத்தைச் சிரிக்க வைப்பார். பிறகு 'டான்ஸ்' ஆடும் பெண் வருவார். இருவருக்கும் நடுவே வாய்ச்சண்டை, பாட்டு, மோதல், காதல். இதெல்லாம் முடிய நள்ளிரவு ஆகிவிடும். அதன் பிறகுதான் நாரதர் வந்து கதையைத் தொடங்குவார்.

இந்தப் 'பபூன்' என்ற சொல்லைக் கொஞ்சம் கவனியுங்கள். சுத்தமான ஆங்கிலச் சொல். ஆங்கிலத்துக்கு அது பிரெஞ்சிலிருந்து வந்தது, பிரெஞ்சுக்கு இத்தாலிய மொழியிலிருந்து. கன்னத்தை உப்ப வைத்து ஊதுவது என்ற பொருளில் பிறந்தது என்பார்கள். பபூன் மட்டுமா? கதாநாயகன் 'ராஜபார்ட்', பெண் வேடம் 'ஸ்திரீ பார்ட்', திருடன் வேடம் 'கள்ளபார்ட்'. பின்னால் தொங்கும் ஓவியத் திரை 'சீன்'. நாடகக் குழு 'கம்பெனி', அதிலும் சிறுவர்கள் நடித்தால் 'பாய்ஸ் கம்பெனி'. ஆங்கிலம் பேசாத ஊர்களில், முருகன் குறமகளை மணக்கும் கதைக்குள், இத்தனை ஆங்கிலச் சொற்கள் வந்து குடியேறியது எப்படி?

இதற்குப் பதில் தேடினால், வெள்ளைக்காரர்கள் தங்கள் பொழுதுபோக்குக்காக இந்தியாவில் போட்டுக்கொண்ட ஒரு வகை நாடகத்தில் போய் நிற்கும். அதற்கு ஆங்கிலத்தில் 'ஃபார்ஸ்' என்று பெயர். பம்மல் சம்பந்த முதலியார் காலத்தில் தமிழில் 'பிரஹசனம்' என்றார்கள். இப்போது கேலி நாடகம் என்று சொல்லலாம்.

(பிரஹசனம் நமக்குப் புதிதில்லை. 7ஆம் நூற்றாண்டில் காஞ்சியை ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் 'மத்தவிலாசப் பிரஹசனம்' என்று ஒரு கேலி நாடகத்தையே வடமொழியில் எழுதியிருக்கிறான். ஆனால் அது 1917இல் திருவனந்தபுரத்தில் அச்சான பிறகுதான் பரவலாகத் தெரிய வந்தது. ஆகவே நம் கதையில் அவனுக்கு வேடம் இல்லை.)

18, 19ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு மாலை நாடகம் என்றால் ஒரே ஒரு நாடகம் இல்லை. முதலில் ஐந்து அங்கத்தில் ஒரு பெரிய நாடகம். அது முடிந்ததும் கடைசியில் ஒரு சின்ன ஃபார்ஸ். வேலை முடிந்து தாமதமாக வருகிறவர்களுக்கு அரை டிக்கெட் உண்டு. அழுதது போதும், சிரித்துவிட்டு வீட்டுக்குப் போ என்பதுதான் ஏற்பாடு. கதை பெரும்பாலும் ஒரே அறையில் நடக்கும். ஆள் மாறாட்டம், கட்டிலுக்கு அடியில் ஒளிவது, முட்டாள் வேலைக்காரன், கோபக்கார மாமனார்... நம் சினிமாவில் நாம் பார்த்துப் பழகிய எல்லாமே அதில் இருக்கும்.

உதாரணத்துக்கு ஒன்றைச் சொன்னால் போதும். ஜான் மேடிசன் மார்ட்டன் எழுதி 1847இல் லண்டனில் அரங்கேறிய 'பாக்ஸ் அண்ட் காக்ஸ்'. ஒரு வீட்டுக்காரம்மா ஒரே அறையை இரண்டு பேருக்கு வாடகைக்கு விட்டிருக்கிறாள். ஒருவன் அச்சகத்தில் இரவு வேலை, இன்னொருவன் தொப்பிக் கடையில் பகல் வேலை. ஒருவன் வெளியே போனால் மற்றவன் உள்ளே வருவான். இரண்டு பேரிடமும் முழு வாடகை! ஒருநாள் தொப்பிக்காரனுக்கு லீவு கிடைக்கிறது. அப்புறம் என்ன நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த நாடகம் ஆங்கிலேயர் போன இடமெல்லாம் போனது. மூன்றே பேர், ஒரு கட்டில், ஒரு அடுப்பு போதும். இப்படிப்பட்ட நாடகங்களின் புத்தகம் லண்டனில் ஆறு பென்சுக்குக் கிடைத்தது. படைமுகாமில் பொழுது போகாமல் இருந்த அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் இதைவிட வசதியான சரக்கு வேறு இல்லை. பெண் வேடத்தையும் அவர்களே போட்டுக்கொண்டார்கள்.

சென்னையில் இதற்கென்றே ஓர் இடம் இருந்தது. எழும்பூர் பாந்தியன் சாலை எல்லாருக்கும் தெரியும். அந்தப் பெயர் 'பாந்தியன்' என்ற கேளிக்கைக் கூடத்தால் வந்தது. 1793 முதல் 24 பேர் கொண்ட ஒரு குழு அதை நிர்வகித்தது. விருந்து, நடனம், நாடகம் எல்லாம் அங்கே. பிற்பாடு அந்த வளாகத்துக்குத்தான் அருங்காட்சியகம் வந்தது. 1896இல் கட்டப்பட்ட மியூசியம் தியேட்டரும் அங்கேதான் நிற்கிறது.

மதுரையில் அப்படி ஒரு கூடம் எழவில்லை. 1801இல் கம்பெனி ஆட்சி வந்தது உண்மை. ஆனால் சென்னை, பெங்களூர் மாதிரி பெரிய வெள்ளைக்காரக் குடியிருப்பு இங்கே உருவாகவில்லை. கலெக்டர், நீதிபதி, 1834இல் வந்த அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள், கடைசியில் ஹார்வி மில் துரைகள் என்று ஒரு சிறிய கூட்டம்தான். பாதிரிமார்கள் ஃபார்ஸ் போட்டிருக்க மாட்டார்கள் என்று தாராளமாக நம்பலாம்! ஆகவே மதுரைக்கு அந்த நாடகம் வெள்ளைக்காரர் கையால் நேராக வரவில்லை. இந்தியர்கள் கை மாறி மாறி, சுற்று வழியாக வந்தது. மதுரைக் கதையின் சுவாரசியமே அந்தச் சுற்று வழிதான்.

முதல் கைமாற்றம் கல்கத்தாவில். அதைச் செய்தவர் ஆங்கிலேயரும் இல்லை, ரஷ்யர்! கெராசிம் லெபெடேவ் என்ற அந்த வயலின் கலைஞர் 1785இல் வந்து இறங்கியது சென்னையில்தான். இரண்டு வருடம் இங்கே இருந்து தமிழும் கொஞ்சம் கற்றுக்கொண்டார். பிறகு கல்கத்தா போய், 'தி டிஸ்கைஸ்' என்ற ஆங்கில நகைச்சுவை நாடகத்தை வங்காளியில் மொழிபெயர்த்து, 1795 நவம்பர் 27 அன்று வங்காள நடிகர் நடிகைகளைக் கொண்டே மேடையேற்றினார். இந்தியர்களுக்கு கம்பீரமான நாடகத்தைவிட கேலியும் நையாண்டியும் பிடிக்கும் என்பதால்தான் இதைத் தேர்ந்தெடுத்ததாக அவரே எழுதி வைத்திருக்கிறார். 230 வருடத்துக்கு முந்தைய அந்தக் கணிப்பை இன்றைக்கும் நம் தயாரிப்பாளர்கள் மறுக்க மாட்டார்கள்.

இரண்டாவது கைமாற்றம் பம்பாயில், பார்சிகளிடம். கிராண்ட் ரோடு தியேட்டரில் ஆங்கில நாடகங்களைப் பார்த்த பார்சி இளைஞர்கள் 1853இல் சொந்தமாக ஒரு நாடக மண்டலி தொடங்கினார்கள். முதல் நாடகம் ரஸ்தம்-சோரப் கதை. தகப்பன் தன் மகன் என்று தெரியாமல் மகனையே கொல்லும் சோகம். அது முடிந்ததும் என்ன போட்டார்கள் தெரியுமா? ஒரு ஃபார்ஸ். லண்டன் மாலை நிகழ்ச்சியின் வரிசையை அப்படியே எடுத்துக்கொண்டார்கள், உள்ளே போட்ட கதை மட்டும் தங்களுடையது.

பார்சிக் கம்பெனிகள் எடுத்துக்கொண்டது இன்னொன்றும் உண்டு. ஓவியத் திரைகள். தர்பார் ஒரு திரை, காடு ஒரு திரை, வீடு ஒரு திரை, தெரு ஒரு திரை. கதை தர்பாரிலிருந்து காட்டுக்கு மாறும்போது பின்னால் சாமான்களை நகர்த்த வேண்டும். அதற்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தில் முன்னால் தெருத் திரையை இறக்கிவிட்டு, அதன் எதிரே இருக்கும் ஒடுக்கமான இடத்தில் சிரிப்பு நடிகரை விட்டுவிடுவார்கள். உள்ளே சுத்தியல் சத்தம் வெளியே கேட்காதபடி அவர் சபையைச் சிரிக்க வைக்க வேண்டும். இங்கிலாந்தில் தச்சர்களுக்காகவே எழுதப்பட்ட காட்சிகள் என்று இதைக் கிண்டலாகச் சொன்னார்கள். நகைச்சுவை என்பது கதைக்குச் சம்பந்தம் இல்லாமல், கதைக்கு நடுவே, தெருவில் நடப்பது என்ற பழக்கத்துக்குப் பின்னால் இருப்பது மேடைத் தச்சர்களின் வசதி! ஸ்பெஷல் நாடகத்தில் பபூனும் டான்ஸும் சந்திப்பது ஏன் எப்போதும் தெருவிலேயே என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடைப்பது கடினம்.

பார்சிக் கம்பெனிகள் தெற்கே வந்தன. மராட்டிய நாடகக் குழுக்களும் வந்தன. தஞ்சாவூர் கோவிந்தசாமி ராவ் அவற்றைப் பார்த்துத் தமிழில் கம்பெனி தொடங்கினார். 1875இல் மதுரைக்கு ரயில் வந்துவிட்டது. சுருட்டிய திரைகளையும் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு கம்பெனிகள் ஊர் ஊராகப் போக வழி பிறந்தது.

இங்கே கதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று சென்னை, ஒன்று மதுரை.

சென்னையில் ஃபார்ஸை எடுத்துக்கொண்டவர்கள் படித்தவர்கள். பம்மல் சம்பந்த முதலியாருக்குச் சிறு வயதில் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காது. 1891இல் பெல்லாரி கிருஷ்ணமாச்சார்லு குழுவின் தெலுங்கு நாடகத்தை விக்டோரியா பப்ளிக் ஹாலில் பார்த்த பிறகுதான் மனம் மாறியது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் நடிக்கிறார்களே என்ற ஆச்சரியம்தான் முக்கியக் காரணம். அதே வருடம் சுகுண விலாச சபை பிறந்தது. ஷேக்ஸ்பியரை மட்டும் அவர் தமிழுக்குக் கொண்டுவரவில்லை. பிரெஞ்சுக்காரர் மோலியரின் தந்திரக்கார வேலைக்காரன் ஸ்கேப்பன் அவர் கையில் 'காளப்பன் கள்ளத்தனம்' ஆனான். 'சபாபதி'யில் எஜமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எஜமானன் ஒன்று நினைத்துச் சொல்ல, வேலைக்காரன் சொன்ன வார்த்தையை அப்படியே பிடித்துக்கொண்டு வேறொன்று செய்வான். அச்சு அசல் ஃபார்ஸ் கட்டுமானம். அதற்குள் ஓடும் ரத்தம் மட்டும் சென்னைத் தமிழ். அது இவ்வளவு காலம் நின்றதற்குக் காரணம் அதுவே.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று மரியாதை. சபை உறுப்பினர்கள் பணம் வாங்காமல் நடித்தவர்கள். 'ஆமெச்சூர்'. பிற்காலத்தில் சம்பந்த முதலியார் ஸ்மால் காஸ் கோர்ட்டில் நீதிபதியாகவே இருந்தார். பகலில் நீதிபதி ஆசனம், மாலையில் மேடை. அவர் மேடையில் கோமாளித்தனம் செய்தாலும் யாரும் அவரைக் கூத்தாடி என்று சொல்லிவிட முடியாது. பாந்தியனில் பெண் வேடம் போட்ட வெள்ளைக்கார அதிகாரிக்கு மறுநாள் அணிவகுப்பில் மரியாதை குறையாதது போலத்தான்.

மதுரையில் நிலைமை வேறு. இங்கே நடித்தவர்கள் வயிற்றுக்காக நடித்தவர்கள். 1918இல் சங்கரதாஸ் சுவாமிகள் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை மதுரையில் தொடங்கினார். டி.கே.எஸ். சகோதரர்கள் சின்னப் பையன்களாக அதில்தான் சேர்ந்தார்கள். டி.கே. சண்முகத்துக்கு அப்போது ஆறு வயது. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி, ஜெகந்நாதய்யர் கம்பெனி என்று அடுத்தடுத்து வந்தன. எம்.ஜி.ஆரும் எம்.ஆர். ராதாவும் இப்படிப்பட்ட கம்பெனிகளில் வளர்ந்த பிள்ளைகள். சாப்பாடு போட்டால் போதும் என்று வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன குழந்தைகள் எத்தனையோ பேர்.

ஏற்கெனவே தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருந்தான். ராஜா வருகிறார் என்று அறிவித்துவிட்டு, அந்த ராஜாவையே கேலி செய்கிற உரிமை அவனுக்கு உண்டு. கோமாளியும் இருந்தான். ஃபார்ஸின் இடம் மதுரைக்கு வந்தபோது அதில் போய் உட்கார்ந்தவர்கள் இவர்கள்தான். பாக்ஸும் காக்ஸும் வரவில்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலி மட்டும் வந்தது. கட்டியங்காரன் அதில் உட்கார்ந்து 'பபூன்' என்று பேர் வைத்துக்கொண்டான். லண்டனில் கடைசியில் வந்த சிரிப்பு, ஸ்பெஷல் நாடகத்தில் முதலுக்கு வந்துவிட்டது. கட்டியங்காரன் முதலில் வருகிறவன் அல்லவா?

ஸ்பெஷல் நாடகத்தின் நடைமுறையே தனி. நிரந்தரக் கம்பெனி கிடையாது. ராஜபார்ட் ஒரு ஊர், ஸ்திரீ பார்ட் ஒரு ஊர், பபூன் இன்னொரு ஊர். தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள். ஒத்திகை கிடையாது. வேடம் கட்டியாயிற்று என்றால் மேடையில்தான் சந்திப்பு. மற்றவர்களுக்காவது சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும் தாங்கிப் பிடிக்கும். பபூன் நிலை அப்படியல்ல. அந்த ஊர், அந்தக் கூட்டம், அந்த வாரத்துச் செய்தி, இதை வைத்து அவராகவே பேச வேண்டும்.

அப்படிப் பேசுகிறவன் வாயை ஆட்சியாளர்களுக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. 1737இல் இங்கிலாந்திலேயே, பிரதமர் வால்போலைக் கிண்டல் செய்த கேலி நாடகங்கள் பொறுக்க முடியாமல்தான் நாடகத் தணிக்கைச் சட்டம் வந்தது. இந்தியாவில் அதே கதை 1876இல். வேல்ஸ் இளவரசர் கல்கத்தா வந்தபோது ஒரு வக்கீல் தன் வீட்டுப் பெண்கள் இருக்கும் அந்தப்புரத்துக்கே அவரை அழைத்துப் போனார். அதைக் கேலி செய்து 'கஜதானந்தா' என்று ஒரு ஃபார்ஸ் போட்டார்கள். போலீஸ் தடை செய்தது. பெயரை மாற்றிப் போட்டார்கள். அதற்கும் தடை. அப்போது போலீஸ் கமிஷனர் பெயர் ஹாக், இன்னொரு அதிகாரி பெயர் லாம். ஒன்றுக்குப் பன்றி, மற்றதற்கு ஆட்டுக்குட்டி என்ற சாயல் வரும். விடுவார்களா? 'பன்றி, ஆடு போலீஸ்' என்ற பொருளில் அடுத்த ஃபார்ஸ்! நடிகர்கள் கைதானார்கள். அந்த வருடக் கடைசியில் நாடக நிகழ்ச்சிச் சட்டம் நாடு முழுமைக்கும் வந்துவிட்டது. வெள்ளைக்காரர் கொண்டுவந்த வடிவம் அவர்கள் மீதே திரும்பியதும் அவர்களுக்கு அது சிரிப்பாக இல்லை.

மதுரைச் சமவெளியில் இதன் விலையைக் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ். சிவகாசியில் பிறந்து திருமங்கலத்தில் வாழ்ந்தவர். அவர் பபூன் இல்லை, ராஜபார்ட். ஆனால் அவர் செய்தது கட்டியங்காரன் வேலை. வள்ளி திருமணத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் பாட்டில் வெள்ளைக் கொக்கை விரட்டினார். கொக்கு எது என்று தரையில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கும் புரிந்தது, ஓரமாக நின்ற போலீஸ்காரருக்கும் புரிந்தது. பல முறை சிறை. போதாக்குறைக்கு, அவர் மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவருக்கு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. துணிந்து நடித்தவர் மதுரை கே.பி. ஜானகி அம்மாள். 1967இல் மதுரை கிழக்குத் தொகுதியின் எம்.எல்.ஏ. ஆனவர். தாஸ் 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் முருகன் வேடத்தோடு மேடையிலேயே இறந்தார்.

சுதந்திரம் வந்த பிறகும் அந்தச் சட்டத்தின் ஆவி போகவில்லை. 1954இல் சென்னை மாகாணத்தில் புதிய நாடகச் சட்டம் வந்தது. மதுரை பாய்ஸ் கம்பெனியில் வளர்ந்த அதே எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகம்தான் அதற்கு முக்கிய இலக்கு. அந்தச் சட்டத்தின் பிரிவுகள் அரசியல் சட்டத்துக்கு விரோதமானவை என்று சென்னை உயர்நீதிமன்றம் சொல்ல 2013 ஆக வேண்டியிருந்தது. நாடகக்காரர் ஞாநி போட்ட வழக்கு அது. 1876 சட்டத்தை மத்திய அரசு ரத்து செய்ததோ அதற்கும் பிறகு.

மறுபடி மதுரைக்கு வருவோம். ரயில் நிலையம் பக்கம் விக்டோரியா எட்வர்டு மன்றம் என்று ஒரு பழைய கட்டடம். இரண்டு ஆங்கிலேய அரசர்களின் பெயரைத் தாங்கியது. பழைய மதுரைக்காரர்களுக்கு அது ரீகல் டாக்கீஸ், ஆங்கிலப் படத்துக்குப் பேர் போனது. பகலில் அங்கே வாசகசாலை. ஆட்கள் பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். மாலையானால் அதே கூடம் தியேட்டர். ஒரே அறை, பகலுக்கு ஒரு குடித்தனம், இரவுக்கு ஒரு குடித்தனம்! மார்ட்டன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

சென்னைப் பாதையும் மதுரைப் பாதையும் ஒரு இடத்தில் சந்தித்தன. 1941இல் ஏ.வி. மெய்யப்பன் 'சபாபதி'யைப் படமாக எடுத்தார். பரீட்சையில் தேறாத பணக்காரப் பிள்ளை சபாபதியாக டி.ஆர். ராமச்சந்திரன். வேலைக்காரன் சபாபதியாக காளி என். ரத்னம். இந்த ரத்னம் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி ஆள். அங்கே எம்.ஜி.ஆருக்கு வாத்தியார். 'கோவலன்' நாடகத்தில் காளியாக வந்து சபையை நடுங்க வைத்ததால் பேருக்கு முன்னால் காளி ஒட்டிக்கொண்டது. சுகுண விலாச சபையின் கனவான்கள் ஆங்கில அச்சில் வார்த்த வேலைக்காரனுக்கு, மதுரைக் கம்பெனி மேடையில் உழன்ற ஒருவர் உடம்பு கொடுத்தார். படத்தை இன்று போட்டுப் பாருங்கள். எஜமானன் பேசும் வசனத்தைவிட, ரத்னம் ஒன்றும் புரியாமல் தலையை ஆட்டிக்கொண்டு நிற்பதற்குத்தான் அதிகம் சிரிப்பு வரும்.